பக்கத்து வீட்டுப் புதர்: யாரிடம் சொல்வது, எதை முதலில் சொல்வது?

தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம். வீட்டுக்குச் சாயம் பூசியாயிற்று. வாசல் சிமெண்டைத் தேய்த்துக் கழுவியாயிற்று. முன்னால் ஓடும் லோங்காங்கில் படிந்த மண்ணைக்கூட அள்ளிப் போட்டாயிற்று. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் லாலாங் புல் இடுப்பளவு நிற்கிறது. அதற்குள் ஒரு பழைய சலவை இயந்திரம், உடைந்த மேசை, வாய் திறந்து கிடக்கும் இரண்டு சாயத் தகரங்கள். இரவானால் கூரையில் எலி ஓடும் சத்தம். பொழுது சாய்ந்தால் கொசு.

நாட்டில் எந்தத் தாமானுக்குப் போனாலும் இப்படி ஒரு வீடு இருக்கிறது. அதன் பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு வாழும் ஒரு குடும்பமும் இருக்கிறது. பல இடங்களில் கதை ஒரே மாதிரிதான் போகிறது. ஆறு மாதம் பொறுமை. பிறகு ஒரு நாள் வேலியோரம் நின்று ஒரு சத்தம். அதோடு இரு குடும்பங்களுக்கும் பேச்சு நின்றுவிடும். புல் மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கும்.

இந்தப் பிரச்சினைக்கு நாட்டில் சட்டம் உண்டு, அலுவலகம் உண்டு, வழியும் உண்டு. ஆனால் பலர் தவறான ஆளிடம், தவறான செய்தியைச் சொல்லிப் புகார் செய்கிறார்கள். 'பக்கத்து வீடு புதராகக் கிடக்கிறது' என்று எழுதும் புகார், அழகு பற்றிய புகாராகவே மேசையில் விழுகிறது. உண்மையில் ஆபத்து புல்லில் இல்லை. அந்த இரண்டு சாயத் தகரங்களில் இருக்கிறது.

புல் வேறு, தண்ணீர் வேறு

டிங்கி காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு புல்லில் முட்டையிடுவதில்லை. தேங்கி நிற்கும், ஓரளவு தெளிந்த தண்ணீர்தான் அதற்கு வேண்டும். புல்லும் புதரும் கொசு பகலில் நிழலுக்கு ஒதுங்கும் இடம், அவ்வளவுதான். அது பெருகும் இடம் டயர், தகரம், வாளி, பூச்சட்டியின் அடித்தட்டு, அடைத்துக்கொண்ட கூரைத் தண்ணீர்க் குழாய் போன்றவை. ஒரு பாட்டில் மூடியளவு தண்ணீரே அதற்குப் போதும்.

நமது வெப்பநிலையில் முட்டை கொசுவாகிப் பறக்க 7 முதல் 10 நாள் ஆகும். முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் வற்றினாலும் அவை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த மழைக்குத் தண்ணீர் ஏறியதும் பொரியும். ஆகவே, வாளியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பிரச்சினையின் முடிச்சு இங்குதான் இருக்கிறது. கொசுவுக்கு ஒரு வாரம் போதும். புகார் கடிதம், நேரடிச் சோதனை, எச்சரிக்கை அறிவிப்பு, அதற்கான கெடு என்று அலுவலக வேலை பல வாரங்கள் இழுக்கும். இரண்டையும் ஒரே புகாராக எழுதினால் அவசரமான விஷயம் அவசரமில்லாத விஷயத்தோடு சேர்ந்து வரிசையில் நிற்கும்.

இது வெறும் எரிச்சல் சம்பந்தப்பட்ட விவகாரம் அல்ல. 2019ஆம் ஆண்டில் மலேசியாவில் 130,101 டிங்கி சம்பவங்கள் பதிவாகின. 182 பேர் உயிரிழந்தனர். 2023ஆம் ஆண்டில் 123,133 சம்பவங்களும் 100 மரணங்களும் பதிவாகின. ஏடிஸ் கொசு பொதுவாகப் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்தான் சுற்றும். ஒரு வரிசை வீடுகளில் அடுத்தடுத்து காய்ச்சல் வந்தால், அது பெருகிய இடமும் பெரும்பாலும் நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கும்.

ஆகவே முதல் வாரத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. தண்ணீர் தேங்கும் பொருட்களைப் பார்த்து, அவற்றை மட்டும் அகற்ற வைப்பது. புல்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்த வீட்டில் யார் இருக்கிறார்?

கோபத்தில் இருப்பவர் கேட்க மறக்கும் கேள்வி இது. கவனிப்பாரற்ற முற்றங்கள் வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே காரணம் வெவ்வேறு.

சில வீடுகளில் வயதானவர் தனியாக இருப்பார். கணவர் இருந்தவரை வாரம் தவறாமல் பாராங் கத்தியும் கையுமாக நின்றிருப்பார். அவர் போன பிறகு அந்த அம்மாவால் குனிய முடியவில்லை. பிள்ளைகள் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்கிறார்கள். இங்கே சட்டத்தை எடுத்தால் அறிவிப்புக் கடிதம் அந்த அம்மாவின் கதவில் ஒட்டப்படும். அவர் அழுவார், புல் அப்படியே இருக்கும்.

சில வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்கள். 'வீட்டுக்காரர்தான் வெட்ட வேண்டும்' என்பது அவர்கள் நினைப்பு. 'குடியிருப்பவர்தான் வெட்ட வேண்டும்' என்பது வீட்டுக்காரர் நினைப்பு. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். கொசு விஷயத்தில் இந்தச் சண்டைக்கு இடமில்லை. சட்டம் உரிமையாளரையும் பிடிக்கும், குடியிருப்பவரையும் பிடிக்கும்.

மூன்றாவது வகைதான் கடினம்: பூட்டிய வீடு. கடன் கட்ட முடியாமல் வங்கி ஏலத்துக்குப் போனதாக இருக்கலாம். முதலீட்டுக்காக வாங்கிப் போட்டதாக இருக்கலாம். நம்மவர் வீடுகளில் அதிகம் காணப்படுவது வேறொன்று: அப்பா இறந்து பத்து வருடமாகியும் நிலப்பட்டா அவர் பெயரிலேயே இருப்பது. நான்கு பிள்ளைகள், நான்கு ஊர். யார் பெயருக்கு மாற்றுவது என்று பேசி முடிக்கவில்லை. யாருக்கும் சொந்தமில்லாததுபோல் அந்த வீடு கிடக்கிறது. இறந்தவர் பெயருக்கு வரும் அறிவிப்புக் கடிதம் தபால் பெட்டியிலேயே நனைகிறது.

எந்த வகை என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. எதிர்வீட்டுக்காரர், மூலைக் கடைக்காரர், தாமானில் நெடுநாள் இருப்பவர் ஆகியோரிடம் விசாரித்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். தெரியவில்லையென்றால் நில அலுவலகத்தில் 'சாரியான் பெர்செண்டிரியான்' எனப்படும் தேடலைச் செய்யலாம். கட்டணம் செலுத்தினால் யார் வேண்டுமானாலும் செய்யலாம். உரிமையாளரின் அனுமதி தேவையில்லை. பதிவில் உள்ள உரிமையாளரின் பெயரும், வீடு வங்கிக்கு அடமானமாக இருந்தால் எந்த வங்கி என்பதும் அதில் தெரியும். பக்கத்து நிலத்தின் லோட் எண்ணுக்கு அலைய வேண்டியதில்லை. சொந்தப் பட்டாவோடு இணைந்திருக்கும் நில வரைபடத்தில் அண்டை லோட் எண்கள் பொதுவாகக் குறிக்கப்பட்டிருக்கும்.

வேலியோரப் பேச்சு

ஆள் இருக்கும் வீடென்றால் பேச்சுதான் முதலில். எப்போது, எப்படி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காய்ச்சலில் பிள்ளை படுத்திருக்கும் நாளில் பேசப் போனால் பேச்சு சண்டையாகத்தான் முடியும். ஞாயிற்றுக்கிழமை காலை, சொந்த முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருக்கும்போது பேசுவது நல்லது. பேசும்போது புல்லைப் பற்றி எடுக்காமல் தகரத்தைப் பற்றி எடுப்பது இன்னும் நல்லது.

"அக்கா, பின்னால இருக்கிற தகரத்துல மழைத் தண்ணி நிக்குது. நான் வேணும்னா கவிழ்த்து வச்சிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டால், 'வேண்டாம்' என்பவர் அரிது. "உங்க வீட்டால எங்களுக்கு எவ்வளவு தொல்லை தெரியுமா?" என்று தொடங்கினால், 'உங்க வீட்டு நாய் மட்டும் என்ன?' என்று பதில் வரும். பக்கத்து வீட்டார் மலாய்க்காரரோ சீனரோ என்றாலும் முறை இதுதான். 'பாக்சிக்', 'மாக்சிக்', 'அங்கிள்', 'ஆன்ட்டி' என்று விளித்து, ஜெந்திக் ஜெந்திக் என்ற ஒரு சொல்லைச் சொன்னால் போதும். கொசுப்புழு என்பது எல்லாருக்கும் புரியும்.

அனுமதி கிடைத்தால் அதைப் புலனத்தில் ஒரு வரியாக அனுப்பிப் பதிலும் வாங்கி வைத்துக்கொள்வது பாதுகாப்பு. அனுமதியில்லாமல் அடுத்தவர் நிலத்துக்குள் காலை வைத்தால் அத்துமீறல்தான். நல்ல எண்ணத்தில் சுவரேறிக் குதித்து வாளியைக் கவிழ்த்தவர் மீதே 'பொருள் காணவில்லை' என்று பழி வந்தால் சமாளிப்பது கடினம்.

நேரில் பேச முடியாத உறவாக இருந்தால் ருக்குன் தெத்தாங்கா இருக்கிறது. 1975ஆம் ஆண்டில் தொடங்கிய அந்த அமைப்புக்கு 2012ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. பலர் அதை இரவு ரோந்துக்கு மட்டும் உரியதாக நினைக்கிறார்கள். அண்டை வீட்டாரிடையே சமரசம் பேசுவதற்குப் பயிற்சி பெற்ற சமூக நடுவர்களும் அதில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கட்டணம் கிடையாது. குடியிருப்பாளர் சங்கத் தலைவர் அல்லது கோயில் தலைவர் போய்ப் பேசினால் நடக்கும் வீடுகளும் உண்டு. அந்தத் தனியாக இருக்கும் அம்மா மாதிரியானவர்களுக்கு இதுதான் பொருத்தம். மகனின் கைப்பேசி எண்ணை வாங்கி, அவரிடம் மரியாதையாகச் சொல்வது எந்த அறிவிப்புக் கடிதத்தையும்விட வேகமாக வேலை செய்யும்.

தாமான் புலனக் குழுவில் அந்த வீட்டின் படத்தைப் போட்டு 'பாருங்கள் இந்த அழகை' என்று எழுதுவதுதான் மிக மோசமான வழி. அடுத்த நிமிடம் அது அவர்களுக்கும் போகும். அதன் பிறகு அந்தப் புல் தன்மானப் பிரச்சினையாகிவிடும்.

எந்த அலுவலகம், என்ன சட்டம்

பேச்சு பலிக்கவில்லை, அல்லது பேச ஆளே இல்லை என்றால் புகார்தான். இதில் இரண்டு வாசல்கள் இருக்கின்றன.

கொசுவுக்கு மாவட்டச் சுகாதார அலுவலகம் அல்லது ஊராட்சி மன்றத்தின் சுகாதாரப் பிரிவு. இங்கே பயன்படும் சட்டம் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம், அதாவது சட்டம் 154. அதிகாரிகள் வீட்டு வளாகத்துக்குள் நுழைந்து சோதிக்கவும், துப்புரவு செய்யும்படி உத்தரவிடவும் இச்சட்டம் அதிகாரம் தருகிறது. கொசுப்புழு கையில் அகப்பட வேண்டும் என்பதுகூட இல்லை. அது பெருகுவதற்கு ஏதுவான நிலையை உண்டாக்குவதும் அனுமதிப்பதும் குற்றம்தான். அதிகாரி அங்கேயே கொடுக்கும் கம்பவுண்ட் 500 வெள்ளி வரை இருக்கலாம். வழக்கு நீதிமன்றம் போனால் முதல் குற்றத்துக்கு 10,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடியும் அதே குற்றம் என்றால் 50,000 வெள்ளி வரை, 5 ஆண்டு வரை.

புல், புதர், குப்பை, எலி, நாற்றம் ஆகியவற்றுக்கு ஊராட்சி மன்றம்: மாநகர் மன்றம், நகராண்மைக் கழகம், மாவட்ட மன்றம், எது உங்கள் இடத்துக்கு உரியதோ அது. தீபகற்பத்தில் 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் (சட்டம் 171) பொதுத் தொல்லைகளை அகற்றும் பொறுப்பை மன்றத்தின் மீதே வைக்கிறது. தொல்லைக்குக் காரணமானவருக்கு அறிவிப்பு கொடுத்து, கெடுவுக்குள் அகற்றச் சொல்ல மன்றத்தால் முடியும். செய்யாவிட்டால் நீதிமன்ற உத்தரவு பெறலாம். தானே துப்புரவு செய்து அந்தச் செலவை நில உரிமையாளரிடம் கேட்கும் மன்றங்களும் உண்டு. பூட்டிய வீடென்றால் மதிப்பீட்டு வரி பில் யார் பெயருக்கு, எந்த முகவரிக்குப் போகிறது என்பது மன்றத்துக்குத் தெரியும். நமக்கு அதைச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவர்களால் அங்கே கடிதம் அனுப்ப முடியும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டுக்கு முன்னால் சாலையோரம் ஓடும் லோங்காங்கும், பின்புறச் சந்தும் பொதுவாக மன்றத்தின் பொறுப்பு. பக்கத்து வீட்டாருடையது அல்ல. லோங்காங் அடைத்துக்கொண்டதற்காகப் பக்கத்து வீட்டோடு சண்டை போட்ட குடும்பங்கள் எத்தனையோ. அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்களுக்கு வழி வேறு. அங்கே பொது இடமெல்லாம் கட்டட நிர்வாகக் குழுவின் பொறுப்பு. முதல் கடிதம் அங்கேதான் போக வேண்டும்.

தோட்டத்தில் இன்னும் லயத்து வீட்டில் இருப்பவர்களுக்கும் வழி வேறுதான். பக்கத்து வீடு காலியாகிப் புதர் மண்டினால், அது அங்கிருந்து போனவரின் பொறுப்பல்ல. தொழிலாளர் குடியிருப்பைப் பராமரிக்கும் கடமை 1990ஆம் ஆண்டின் சட்டம் 446இன்படி முதலாளிக்கு உரியது. நிர்வாக அலுவலகத்தில் எழுத்துமூலம் கொடுத்தும் நடக்கவில்லையென்றால் தொழிலாளர் துறையில் சொல்லலாம். ஒரு காலத்தில் ட்ரெஸ்ஸர் லயத்தைச் சுற்றி வருவார் என்றாலே வாசல் தெளித்து வைத்திருப்பார்கள். குப்பை கிடந்தால் மறுநாள் பெரட்டில் கேள்வி வரும். தாமானுக்கு வந்த பிறகு அந்தக் கண்காணிப்பு இல்லை. கேட்க வேண்டியவர் யார் என்பதும் தெளிவாக இல்லை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பக்கத்து வீட்டுப் புதர் அதிகமாகவே உறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நகரும் புகார், நகராத புகார்

'பல மாதமாகத் தொல்லை, உடனே நடவடிக்கை எடுக்கவும்' என்ற புகாரை வைத்து அதிகாரியால் எதுவும் செய்ய முடியாது. வீட்டு எண், ஜாலான் பெயர், தாமான், அஞ்சல் குறியீடு வேண்டும். ஆள் இருக்கிறாரா, பூட்டியிருக்கிறதா என்று சொல்ல வேண்டும். 'முன் முற்றத்தில் இரண்டு சாயத் தகரம், வலப்பக்கச் சுவரோரம் மூன்று டயர், எல்லாவற்றிலும் மழைத் தண்ணீர்' என்று பார்த்ததை அப்படியே எழுத வேண்டும். உங்கள் வீட்டிலிருந்தோ சாலையிலிருந்தோ எடுத்த படங்கள் இரண்டு மூன்று, எடுத்த தேதியோடு. அந்த வரிசையில் யாருக்காவது டிங்கி உறுதி செய்யப்பட்டிருந்தால் அதையும் முதல் வரியிலேயே குறிப்பிட வேண்டும். புகாரின் அவசரத்தை அந்த ஒரு வரியே காட்டிவிடும்.

மலாய் எழுத வராது என்ற தயக்கத்தால் புகார் செய்யாதவர்கள் இருக்கிறார்கள். படிக்கும் பிள்ளையிடம் சொன்னால் ஐந்து நிமிடத்தில் தட்டச்சு செய்துவிடும். மன்றங்களின் இணையப் பக்கத்தில் புகாருக்கென்றே பகுதி உண்டு. நேரில் முகப்பிடத்திலும் கொடுக்கலாம். எப்படிக் கொடுத்தாலும் புகார் எண் ஒன்றை வாங்காமல் வரக்கூடாது. இரண்டு வாரத்தில் அசைவில்லையென்றால் அந்த எண்ணோடு மறுபடி கேட்கலாம். அடுத்து உங்கள் பகுதிக்கான மன்ற உறுப்பினர், பிறகு சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையம். அரசாங்க அலுவலகம் பதிலே தராவிட்டால் பொதுப் புகார் பிரிவு. ஒரே ஆள் பத்து முறை புகார் செய்வதைவிட, வரிசையில் உள்ள ஐந்து வீடுகள் ஆளுக்கொரு புகார் கொடுப்பது வலுவானது.

புகைமருந்து அடித்தால் சரியாகிவிடும் என்று பலர் அதை மட்டும் கேட்பார்கள். புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். தகரத்துக்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. அடுத்த வாரம் புதிய கொசு வந்துவிடும்.

இன்னொன்று: அதிகாரி பக்கத்து வீட்டுக்கு வந்தால் உங்கள் வீட்டையும் பார்ப்பார். புகார் கொடுத்தவரே கம்பவுண்ட் வாங்குவது நடக்காததல்ல. நம் வீடுகளில் கவனிக்காமல் விடும் இடங்கள் சில உண்டு: பின்வாசலில் பயன்படாமல் கிடக்கும் ஆட்டுக்கல்லின் குழி, துளசி மாடத்தின் அடித்தட்டு, சாமி படத்துக்கு முன் மாற்றாமல் நிற்கும் பூஜைச் செம்புத் தண்ணீர், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு. தோட்டப்புறம் என்றால் கைவிட்ட ரப்பர் மரங்களில் இன்னும் தொங்கும் பால் மங்குகள். கவிழ்க்க முடியாத தொட்டிக்கு அபேட் மருந்து போடலாம். 10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் கணக்கு.

வேலி தாண்டும் கிளை

பக்கத்து வீட்டு மாமரமோ ரம்புத்தான் மரமோ உங்கள் கூரைமேல் சாய்ந்தால், உங்கள் எல்லைக்குள் நீளும் கிளையை எல்லைக்கோடு வரை வெட்டிவிட உங்களுக்கு உரிமை உண்டு. அதற்கு மேல் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இறங்கி வெட்டக்கூடாது, மரத்தைச் சாகடிக்கும்படியும் வெட்டக்கூடாது. வெட்டிய கிளையும் அதிலுள்ள பழமும் சட்டப்படி மரத்துக்காரருடையவை. பழத்தைக் கொடுத்துவிட்டு, கிளையை என்ன செய்வது என்று ஒரு வார்த்தை கேட்பது சுலபம். அப்படியே தூக்கி அந்தப் பக்கம் எறிந்தால் அது இன்னொரு வழக்கு.

மரத்தையே வெட்ட வேண்டுமென்றால் இன்னொரு கட்டுப்பாடு இருக்கிறது. தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அளக்கும்போது 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவு உள்ள மரத்தை, அது சொந்த நிலத்தில் நின்றாலும், மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது என்கிறது நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் (சட்டம் 172). பட்ட மரத்துக்கும் உடனடி ஆபத்தான மரத்துக்கும் விலக்கு உண்டு. கிளை மின்கம்பியைத் தொட்டால் யாரும் கத்தியை எடுக்க வேண்டாம். தெனாகா நேஷனலின் 15454 எண்ணுக்கு அழைத்தால் போதும்.

சாய்ந்த மரத்தைப் பற்றிய கடிதத்தை எழுத்தில் கொடுத்து, நகல் வைத்துக்கொள்வது முக்கியம். நாளை அது விழுந்து உங்கள் கூரை உடைந்தால், 'அந்த ஆபத்து அவருக்கு முன்பே தெரியும்' என்பதை அந்தக் கடிதம்தான் காட்டும். தெரிந்தும் விட்டார் என்றால் இழப்பீடு கேட்கும் வாய்ப்பு கூடுகிறது. சேதம் 5,000 வெள்ளிக்குள் என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை முறையில் வழக்கறிஞர் இல்லாமலே வழக்குப் போடலாம்.

புதரில் பாம்பு தென்பட்டால் அதைத் தேடிப் போக வேண்டாம். 999க்கு அழைத்தால் பொதுத் தற்காப்புப் படையோ தீயணைப்புப் படையோ வந்து பிடித்துப்போகும்.

இரவில் மருந்தடிக்கும் யோசனை

தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குப் புல்லைக் கருக்கத் தெரியும். 'ராத்திரியில் வேலி வழியாக ஒரு டேங்க் அடித்தால் முடிந்தது' என்று சொல்லும் மாமா ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். அவர் மனத்தில் இருக்கும் மருந்து பெரும்பாலும் பாராகுவாட். அது 2020ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. வேறு மருந்தாக இருந்தாலும் அடுத்தவர் நிலத்தில் அடிப்பது சட்டப்படி அவருடைய சொத்துக்குச் சேதம்தான். அங்கே ஒரு கறிவேப்பிலைச் செடியோ மாக்சிக்கின் பாண்டான் செடியோ இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். காய்ந்த புல்லுக்குத் தீ வைப்பதும் அப்படியே. திறந்தவெளி எரிப்பு சுற்றுச்சூழல் சட்டப்படி குற்றம். லாலாங் பற்றிக்கொண்டால் வேலியோடு நிற்காது.

வெட்டிய பிறகு குப்பையை எங்கே போடுவது என்பதையும் முன்பே யோசித்துக்கொள்ள வேண்டும். சட்டம் 672 நடப்பில் உள்ள கெடா, பெர்லிஸ், பகாங், நெகிரி செம்பிலான், மலாக்கா, ஜொகூர் மாநிலங்களிலும் கோலாலம்பூர், புத்ராஜெயாவிலும் வாரத்துக்கு இரண்டு நாள் சாதாரணக் குப்பையும் ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள், தோட்டக் குப்பை, பெரிய பொருட்கள் ஆகியவையும் எடுக்கப்படுகின்றன. கிளைகளைக் கட்டி வைத்தால் எடுத்துப் போவார்கள். மற்ற மாநிலங்களில் மன்றத்திடம் முன்கூட்டியே கேட்டால், கோத்தோங் ரோயோங் நாளுக்குப் பெரிய குப்பைத் தொட்டி கொண்டுவந்து வைக்கும் மன்றங்கள் உண்டு.

ஒரு முறை வெட்டியதோடு முடிவதில்லை. மழைக்காலத்தில் மூன்று வாரத்தில் புல் மறுபடி கணுக்கால் அளவுக்கு வந்துவிடும். சில தாமான்களில் கண்டுபிடித்திருக்கும் ஏற்பாடு இது: மாதம் ஒரு முறை வரிசை முழுவதற்கும் புல் வெட்ட வரும் ஆளிடமே அந்த வீட்டையும் சேர்த்து வெட்டச் சொல்வது. கூலியை வெளியூரில் இருக்கும் மகனோ வாடகை வாங்கும் வீட்டுக்காரரோ மாதாமாதம் நேராக அவர் கணக்கில் போட்டுவிடுவார். வெட்டி முடித்ததும் ஒரு படம் புலனத்தில் போகும். கதவைத் திறந்துவிட வேண்டியது மட்டும் பக்கத்து வீட்டார் பொறுப்பு. சாவி அவர்களிடமே இருக்கும்.